காணாமல் போனவருக்கு வேறு முகம்

1. சுவரிலிருந்து பிய்த்த போஸ்டர்

ஷட்டரை முழுதாகத் தூக்குவதற்குள் அந்தப் பெண் கடைக்குள் வந்துவிட்டாள். கையில் சுவரிலிருந்து பிய்த்தெடுத்த ஒரு போஸ்டர். பின்பக்கம் காய்ந்த பசையோடு சுண்ணாம்பும் பெயர்ந்து வந்திருந்தது.

"யக்கா, இது ஒங்க கடையில அடிச்சதுதான? கீழ ஒங்க கடை பேரு போட்டிருக்கு. இது ஆரு?"

வாங்கிப் பார்த்தேன். மேலே 'காணவில்லை' என்று தமிழிலும், அதற்குக் கீழே அதையே இந்தியிலும் மராத்தியிலும் போட்டிருந்தது. நடுவில் ஒரு பெரியவர். நல்ல வெளிச்சம், துடைத்து வைத்த முகம், வெள்ளைக் காலர் சட்டை. அடியில் ஒரு போன் நம்பர்.

"பேரு போட்டிருக்கே. சுடலைமுத்துன்னு" என்றேன்.

"சுடலைமுத்து எங்கய்யா பேருதான். இது எங்கய்யா இல்ல."

சொல்லிவிட்டு அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் போட்டோ ரீடச்சிங், அதாவது கம்ப்யூட்டரில் படங்களைத் திருத்துகிற வேலை செய்பவள். என் பெயர் வசந்தா. பிறந்து வளர்ந்தது மும்பை தாராவி, இப்போது வீடு செம்பூர். மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் உள்ள ஒரு ஸ்டூடியோவில் பல வருடமாக அதே நாற்காலி. பாஸ்போர்ட் போட்டோ, கல்யாண ஆல்பம், சடங்கு பிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி பேனர் எல்லாம் என் மானிட்டர் வழியாகத்தான் வெளியே போகும். ஆனால் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போய்விட்டு அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தேன்.

அவள் பெயர் இசக்கியம்மாள். தாராவியில் இட்லி அவித்து விற்கிற வீடு. அப்பாவுக்குக் கொஞ்ச காலமாக நினைவு தப்பிப்போகிறது. சாப்பிட்டதை மறப்பார், தெருவை மறப்பார். ஒருநாள் டீ குடிக்கப் போனவர் திரும்பவில்லை. இசக்கி போலீஸ் ஸ்டேஷனுக்கும் ரயில் ஸ்டேஷன்களுக்கும் அலைந்துகொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் எங்கள் கடைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பி போஸ்டர் அடித்திருக்கிறார்கள். மாஹிமிலிருந்து தாதர், குர்லா, தானே, டோம்பிவிலி வரை போய் ஒட்டியதும் அவர்கள்தான். இசக்கிக்குப் போனில் வந்த போஸ்டரைத் திறந்து பார்க்கவும் பொழுது இருக்கவில்லை. அன்று காலை தாராவி மெயின் ரோட்டில் ஒரு சுவருக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாளாம்.

"ஒட்டுனவங்களுக்குத் தெரியலயா?"

"கேட்டேங்க்கா. பழைய போட்டோவா இருக்கும், வயசுல எடுத்ததா இருக்கும்னு நெனச்சோம்ங்காவ. எங்கய்யாவுக்கு ஒரு கண்ணு கெடையாதுக்கா. இவருக்கு ரெண்டு கண்ணும் பளபளன்னு இருக்கு."

2. ஃபேஸ் ரீஸ்டோர்

என் மெஷினில் அந்த ஜாப் ஃபோல்டரைத் திறந்தேன். வாட்ஸ்அப்பில் வந்த மூலப் படம் இருந்தது. கோயில் கொடை விழாவில் எடுத்த கும்பல் போட்டோ. பின்வரிசையில், யாரோ ஒருவர் தோளுக்குப் பின்னால் சுடலைமுத்து. முகம் கடலைப் பருப்பு அளவு. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடையும். ஆனாலும் இடது கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. இடது காதின் தொங்கல் இரண்டாகப் பிரிந்து தொங்கியது.

"கடுக்கன் போட்ட காதுக்கா. சின்ன வயசுல சண்டையில இழுத்துட்டாங்க. கண்ணு பட்டறையில போச்சு, இரும்புத் தூள் தெறிச்சு" என்றாள் இசக்கி.

போஸ்டரில் இருந்தவருக்குக் காது முழுதாக இருந்தது. இரண்டு கண்ணிலும் சின்னதாக ஒரு ஒளிப்பொட்டு, ஸ்டூடியோ லைட் பட்டதைப் போல. நிறம் இரண்டு படி வெளுத்திருந்தது. முன்னால் நின்றவர் மறைத்த உடம்புக்கு சாஃப்ட்வேரே ஒரு சட்டை தைத்துப் போட்டிருந்தது.

"எங்கய்யா சட்டையே போட மாட்டாவ. பனியனும் துண்டுந்தான்."

இந்தத் தொழிலுக்கு வராதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். பழைய நாட்களில் ஷார்ப்பன் என்றால், படத்தில் இருக்கிற விளிம்புகளைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுவது. இல்லாததை அது கொண்டுவராது. புதிதாக வந்த 'ஃபேஸ் ரீஸ்டோர்' அப்படி வேலை செய்வதில்லை. லட்சக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகிய அது, மங்கலாக ஒரு முகம் கொடுத்தால், இந்த இடத்தில் கண் இப்படித்தான் இருக்கும், காது இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்துப் புதிதாக வரைந்துவிடுகிறது. 'ஜெனரேட்டிவ் ஃபில்' என்பது மறைந்த இடத்தைத் தானே கற்பனை செய்து நிரப்புவது. இரண்டும் சேர்ந்தால் ஒரு முழு மனிதர் வருவார். அழகாக வருவார். அப்படி ஒருவர் உலகத்தில் இருக்க மாட்டார்.

எங்கள் முதலாளி ரமணி சார் வந்தார். மாட்டுங்காவிலேயே மூன்று தலைமுறையாக இருக்கிற பாலக்காட்டுக் குடும்பம். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் புது வெர்ஷன் வந்தால் சின்னப் பிள்ளைக்குப் பொம்மை கிடைத்த மாதிரி ஆகிவிடுவார்.

"சார், இந்தப் படத்த யார் பண்ணினது?"

"நான்தான். நீ இல்லையே. எப்படி வந்திருக்கு பாத்தியா? ஒரே கிளிக்."

"இது அவங்க அப்பா இல்லையாம் சார்."

"என்னது?" அவர் மூலப் படத்தையும் போஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார். "அதெப்படி? இந்தப் படத்துலேர்ந்துதானே எடுத்தது? ஒரிஜினல்ல அந்த மனுஷருக்கு மூக்கு இருக்கா இல்லையான்னே தெரியலை வசந்தா. நான் நன்னா கிளியர் பண்ணித்தானே குடுத்திருக்கேன்?"

"இல்லாத கண்ண வச்சுக் குடுத்திருக்கீங்க சார்! ஒரு கண்ணு இல்லாதவர யாரும் இத வச்சுக் கண்டுபிடிப்பாங்களா?"

"ஏன் கத்தறே? கஸ்டமர் உக்காந்திருக்கா."

"அவங்களுக்காகத்தான் கத்துறேன்."

கடையில் நான் குரல் உயர்த்தியது அதுவரை இல்லை. அன்று எனக்கு அதுகூட உறைக்கவில்லை. ஊர் முழுக்க ஒட்டியிருக்கிற அந்தத் தாள்கள்தான் கண்ணுக்குள் நின்றன. ஒவ்வொரு தாளும், 'உங்கள் எதிரில் இருக்கிற இந்தக் கிழவர் நாங்கள் தேடுகிறவர் இல்லை, தாண்டிப் போங்கள்' என்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறது.

3. மங்கலான படம்

புது போஸ்டரை நான் செய்தேன். கும்பல் போட்டோவிலிருந்து சுடலைமுத்துவை மட்டும் வெட்டினேன். கொஞ்சம் கான்ட்ராஸ்ட், அவ்வளவுதான். முன்னால் நின்றவரின் தோளை எடுக்கவில்லை, அப்படியே விட்டேன். படம் பெரிதாகப் பெரிதாக உடைந்தது. உடையட்டும் என்று ஒரு அளவில் நிறுத்தினேன்.

படத்துக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் அடையாளங்களைப் போட்டேன். இடது கண் வெள்ளை. இடது காதுத் தொங்கல் கிழிந்து இரண்டாக இருக்கும். பனியன், லுங்கி, தோளில் துண்டு. நினைவு மறதி உள்ளவர், தமிழ் மட்டும் பேசுவார். இசக்கி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல டைப் அடித்தேன். மராத்திக்குப் பக்கத்து மெடிக்கல் ஸ்டோர்காரர் உதவினார்.

"வேற என்ன இசக்கி? நடை எப்படி?"

"எடது கால இழுத்து நடப்பாவ. சுகரு இருக்குக்கா. மாத்திர போட்டு எத்தன நாளாச்சோ."

ரமணி சார் பின்னால் வந்து நின்று ஸ்கிரீனைப் பார்த்தார்.

"வசந்தா, இது இப்படியே வெளில போனா நம்ம கடைக்கு என்ன பேர்? பிளர்ரா ஒரு பிரிண்ட். கீழே நம்ம லோகோ வேற."

"லோகோவ எடுத்துடுறேன் சார்."

எடுத்தேன். அவர் தன் மேஜைக்குப் போய் போனை நோண்ட ஆரம்பித்தார்.

அன்று மாலையே பக்கத்து வீட்டுக்காரர்கள் மறுபடியும் பிரிந்து போனார்கள். இந்த முறை பழையதைக் கிழித்துவிட்டு அதே இடத்தில் புதியதை ஒட்ட வேண்டும் என்று இசக்கி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அந்த வேலையின் அலுப்பை நினைத்துப் பாருங்கள். ஒருமுறை முழு ரயில் லைனையும் சுற்றி வந்தவர்கள், வேலைக்கு லீவு சொல்லிவிட்டு இரண்டாம் முறை அதே நடை நடக்கிறார்கள். சாஃப்ட்வேர் மிச்சப்படுத்திக் கொடுத்த நேரத்துக்கு விலை இதுதான்.

4. டோம்பிவிலி

மறுநாளே போன் வந்தது. டோம்பிவிலி ஸ்டேஷன் வாசலில் பூ விற்கிற மாலதிபாய் என்ற அம்மாள், அவரைப் பார்த்ததாகக் கூப்பிட்டிருந்தாள். துணைக்கு வரச் சொல்லி இசக்கி என்னைக் கேட்டாள். ரயிலில் அவள் ஸ்டேஷன் வரும்போதெல்லாம் பிளாட்பாரத்தில் நிற்கிற கிழவர்களை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மாலதிபாய் எங்களைக் கண்டதும் பூக்கூடையை விட்டு எழுந்துவிட்டாள்.

"அரே, ஏ பாபா தோ யஹீ பைட்தா தா!" அவர் இங்கேதான் உட்கார்ந்திருப்பார் என்று சொல்லி, பாலத்துப் படிக்குக் கீழே ஒரு இடத்தைக் காட்டினாள். அவர் பேசுவது யாருக்கும் புரியவில்லையாம். இவள்தான் டீயும் வடாபாவும் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். கால் வீங்கி, புண்ணில் ஈ மொய்க்க ஆரம்பித்த பிறகு ரயில்வே போலீசிடம் சொல்லியிருக்கிறாள். நாங்கள் போனதற்கு இரண்டு நாள் முன்புதான் அவர்கள் ஆம்புலன்ஸ் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

படிக்குப் பக்கத்தில் ஒரு தூண் இருந்தது. அதில் எங்கள் புது போஸ்டர். அதன் நான்கு ஓரத்திலும் பழைய போஸ்டரின் கிழிந்த துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கையை நீட்டினால் தொடலாம்.

இந்தியில் கேட்டேன், "அந்தப் பழைய போஸ்டரைப் பார்த்தீர்களா?"

"பார்த்தேன். தினமும் பார்த்தேன். யாரோ பணக்கார வீட்டு பாபா தொலைந்துவிட்டார், பாவம் என்று நினைத்தேன். போஸ்டர் ஒட்டிய மறுநாள் வந்த இவர், அவருக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தார்."

சொல்லிவிட்டு அவளுக்கே அழுகை வந்துவிட்டது. அவள் எதற்கு அழ வேண்டும்? அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. கண் உள்ளவள் பார்த்தாள், படத்தில் இருந்தவரைத் தெருவில் காணவில்லை. எனக்கு அந்தத் தூணில் தலையை மோதிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆஸ்பத்திரியில் பெயர் தெரியாதவர்களுக்கான கட்டிலில் சுடலைமுத்து படுத்திருந்தார். இடது கால் முழங்கால் வரை கட்டு. பாதத்தில் முன்பாதியை எடுத்துவிட்டிருந்தார்கள். டியூட்டி டாக்டர் சின்ன வயதுப் பெண். பொறுமையாகத்தான் பேசினாள். சர்க்கரைப் புண் உள்ளே ஏறிவிட்டது, எடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து என்றாள்.

"கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால்?" என்று கேட்டேன்.

"ஒருவேளை விரலோடு போயிருக்கலாம்" என்றவள், இசக்கியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

இசக்கி அப்பாவின் தலைமாட்டில் போய் நின்றாள். அவர் நல்ல கண்ணைத் திறந்து அவளை ரொம்ப நேரம் பார்த்தார்.

"நீ ஆரு தாயி?"

"இசக்கிய்யா. ஒங்க மவ."

"ஏ, வந்துட்டியா" என்றார். "இந்த ஊருக்காரனுவ ஒருத்தனுக்கும் தமிழு தெரியல, பாத்துக்க. நானும் சொல்லுதேன் சொல்லுதேன், தாராவின்னு. ஒரு பயலும் கேக்கல."

அவள் குனிந்து அந்தக் கிழிந்த காதைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள்.

5. கடையின் பெருமை

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

வீட்டுக்கு அவரைக் கொண்டுவந்த வாரத்தில், எங்கள் கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தை யாரோ எனக்கு ஃபார்வேர்டு செய்தார்கள். 'காணாமல் போன தந்தையைக் குடும்பத்தோடு சேர்த்து வைத்த எங்கள் போஸ்டர்' என்று தலைப்பு. இரண்டு கை கூப்பிய படம், இதயப் படம், நன்றிகள். நடுவில் அந்த முகம். இரண்டு நல்ல கண், முழுக் காது, வெள்ளைக் காலர் சட்டை. பக்கத்தில் மூலப் படத்தைச் சின்னதாக வைத்து 'முன்', 'பின்' என்று போட்டிருந்தது. லைக்குகள் குவிந்துகொண்டிருந்தன.

கடைக்குப் போன வேகத்தில் பையைக்கூட வைக்கவில்லை.

"சார், இத நீங்களா போட்டீங்க?"

"ஏன், நல்ல விஷயந்தானே? நம்ம போஸ்டர்தானே கண்டுபிடிச்சது?"

"எந்தப் போஸ்டர்? லோகோ போட வெக்கப்பட்டீங்களே அந்தப் போஸ்டரா, அந்தத் தூண்ல அவர் தலைக்கு மேல ஒட்டியிருந்த போஸ்டரா?"

"இந்தப் படம் பாக்க நன்னா இருக்கு. அந்த பிளர் படத்தைப் போட்டா யார் பாப்பா?"

"ஒரு பூக்காரம்மா பாத்தா சார். அவ ஒருத்தி பாத்தது போதும். அவருக்குப் பாதிப் பாதம் இல்ல. இந்தப் படத்தால வீணாப்போன நாள்லதான் புண்ணு ஏறுச்சு. இத வச்சு நீங்க விளம்பரம் பண்றீங்க!"

அவர் முகம் கறுத்துவிட்டது. பாதம் போனது அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

"எனக்கென்ன தெரியும் வசந்தா? அவா ரீஸ்டோர்னு பேர் வச்சிருக்கா. ரீஸ்டோர்னா பழையபடி ஆக்கறதுன்னுதானே நினைப்பேன்?" என்றார்.

அந்த ஒரு இடத்தில் அவர் சொன்னது சரி. புதிதாக வரைவதற்கு 'ரீஸ்டோர்' என்று பெயர் வைத்தவன் எங்கோ குளிர்ந்த அறையில் உட்கார்ந்திருக்கிறான். என் கோபத்தில் பாதி அவனுக்குப் போய்ச் சேர வேண்டியது. ஆனாலும் அந்தப் பதிவை அவர் என் கண் முன்னால் அழிக்கும்வரை நான் நாற்காலியில் உட்காரவில்லை.

மறுவாரம் அவர் இசக்கி வீட்டுக்குப் போய்வந்தார் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அங்கே என்ன பேசினார் என்று அவரிடம் நான் கேட்கவில்லை.

6. டெமோ

சில மாதம் கழித்து தாதரில் ஒரு ஹாலில் அந்த சாஃப்ட்வேரின் புது வெர்ஷனுக்கு டெமோ வைத்திருந்தார்கள். ஸ்டூடியோக்காரர்கள், ஆல்பம் டிசைனர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். கோட்டு போட்ட ஒரு இளைஞன் மேடையில் நின்று இந்தியும் இங்கிலீஷும் கலந்து பேசினான். இந்த வெர்ஷனில் பட்டனைத் தேட வேண்டியதில்லையாம். படத்தை இம்போர்ட் செய்த உடனே முகங்களை அதுவே கண்டுபிடித்து, அதுவே சரிசெய்துவிடுமாம். கைதட்டினார்கள்.

கேள்வி நேரத்தில் எழுந்தேன். நடந்ததைச் சொன்னேன்.

அவன் மரியாதையாகத்தான் கேட்டான். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னான், "மேம், தட் இஸ் அன் எட்ஜ் கேஸ். மாடல் இன்னும் இம்ப்ரூவ் ஆகும்."

எட்ஜ் கேஸ் என்றால் ஓரத்தில் நிற்கிற ஆள், கணக்கில் வராத ஆள். ஒரு கண் போனவர், காது கிழிந்தவர், வெயிலில் கறுத்தவர், சட்டை போடாதவர். அந்த ஹாலிலிருந்து வெளியே வந்து எந்த லோக்கல் ட்ரெயினில் ஏறினாலும் ஒரு பெட்டிக்கு எத்தனை எட்ஜ் கேஸ் நிற்கும் என்று அவனுக்குத் தெரியுமா?

"சரி, அதை எப்படி ஆஃப் செய்வது? அதைக் காட்டுங்கள்" என்றேன்.

"ஷ்யூர் மேம், பிரிஃபரன்ஸஸ்ல இருக்கு."

பெரிய ஸ்கிரீனில் மெனுவைத் திறந்தான். ஒன்றுக்குள் ஒன்றாகப் போனான். திரும்பி வந்தான். வேறொன்றைத் திறந்தான். ஹாலில் சிரிப்பு கிளம்பியது. கடைசியில், டெமோ முடிந்ததும் தனியாகக் காட்டுகிறேன் என்றான். முடிந்ததும் நின்றேன். அப்போதும் அவனால் காட்ட முடியவில்லை. மெயில் ஐடி வாங்கிக்கொண்டான். மெயில் வரவில்லை. அந்த ஸ்விட்சை நானே தேடிக் கண்டுபிடித்தேன்; எங்கள் கடை மெஷின்களில் அதை அணைத்து வைத்தேன். ஆனால் ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் அது தானாகவே ஆன் ஆகிவிடுகிறது. நானும் ஒவ்வொரு முறையும் போய் அணைக்கிறேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். புது டூல்களைக் கற்றுக்கொள்ளுங்கள். நானும் கற்றுக்கொண்டேன், கல்யாண ஆல்பத்தில் மின்கம்பியை எடுக்க அதையேதான் பயன்படுத்துகிறேன். ஆனால் ஒரு முகம் உங்கள் ஸ்கிரீனில் வந்தால், மவுஸைத் தொடுவதற்கு முன்னால், அந்த முகத்தைத் தெரிந்தவரிடம் கேளுங்கள்: "இதில் எது மாறக் கூடாது?" பதில் சொல்ல அவர்களுக்கு அரை நிமிடம் போதும். படம் மங்கலாக இருந்தால், இதற்கு மேல் தனக்குத் தெரியாது என்று அது ஒப்புக்கொள்கிறது. அப்படி ஒப்புக்கொள்ள அந்த சாஃப்ட்வேருக்கு இன்னும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதுவரை அந்த வேலையை நாம்தான் செய்தாக வேண்டும்.